ஏழூர்க்கும் பொதுவான உலை: சங்கப் பாடல்களில் கொல்லரின் தொழில்வாழ்வும் இல்வாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் பாடல்களில் இரும்புக்கொல்லர் பல இடங்களில் இடம்பெறுகின்றனர். அவர்தம் கை, உலை, துருத்தி, கூடம், கொடிறு, அரம் ஆகியன உவமைகளாகவும் அடைகளாகவும் பதிவாகியுள்ளன. எனினும் கொல்லரின் மனைவி, மக்கள், இல்லம் ஆகியன பற்றிய பதிவு அப்பாடல்களில் அமையவில்லை. பிறர் இல்வாழ்வின் துயரையும் ஆறுதலையும் சொல்லக் கொல்லரின் தொழில் பயன்பட்டிருக்க, அவருடைய இல்வாழ்வு மட்டும் பாடுபொருளாகாமல் நின்றது ஏன் என்னும் வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது. புறநானூறு, நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு, பெரும்பாணாற்றுப்படை ஆகியவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த பாடல்களை அடிப்படையாகக் கொண்டு, கொல்லரின் தொழில் எந்த ஒரு திணைக்கும் உரியதாகாமல் எல்லாத் திணைக்கும் பொதுவாக நின்றமையே இதற்கு முதன்மைக் காரணம் என்னும் முடிவு இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொல்லர், உலை, கருங்கை, மிதிதோல், கடன், கருப்பொருள், வினைவலர்

முன்னுரை

தமிழகத்தில் இரும்பின் தொன்மை பற்றிய உரையாடல் அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்துள்ள கொடுமணலில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகள் இரும்பு உருக்கியதற்கான உலைச் சான்றுகளை வெளிக்கொணர்ந்தன. பதிற்றுப்பத்துச் சுட்டும் கொடுமணம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையின் இரும்புக் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்ட செய்தி 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இரும்பின் காலம் பின்னோக்கிச் செல்லச் செல்ல, அந்த இரும்பைக் காய்ச்சி அடித்தவரின் வாழ்வு பற்றிய வினாவும் கூடவே எழுகிறது. மண்ணடியில் கசடும் உலைவாயும் கிடைக்கும். உலையின் முன் நின்றவரின் மனம் கிடைக்காது. அதற்கு இலக்கியத்தையே நாட வேண்டியுள்ளது.

சங்க காலக் கொல்லர் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே முறையில் அமைகின்றன. பாடல்களில் வரும் கருவிப்பெயர்கள் தொகுக்கப்படும், செய்பொருள்கள் வகைப்படுத்தப்படும், தொழில்நுட்பச் சிறப்பு எடுத்துரைக்கப்படும், தமிழரின் உலோக அறிவு போற்றப்படும். இப்பட்டியல் முறையால் பயன் உண்டு. ஆனால், பாடல் என்னும் கட்டமைப்பினுள் கொல்லர் எவ்விடத்தில் நிறுத்தப்படுகிறார் என்னும் வினாவை அம்முறை தொடுவதில்லை. கருவி எண்ணப்படுகிறது, கருவியை ஏந்தியவர் விடுபடுகிறார். இவ்விடுபாடு ஆய்வாளரின் கவனக்குறைவால் மட்டும் நிகழ்ந்ததன்று. பாடல்களின் அமைப்பே அதற்கு இடந்தருகிறது. அவ்வமைப்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கருங்கை: வாழ்நாள் உழைப்பின் அடையாளம்

புறநானூற்றில் கொல்லருக்கு மீண்டும் மீண்டும் வழங்கப்படும் அடை ‘கருங்கை’ என்பது. கானப்பேரெயில் கடந்த உக்கிரப்பெருவழுதியை ஐயூர் மூலங்கிழார் பாடிய பாடலிலும் (புறம். 21), கருவூரை முற்றியிருந்த கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் பாடிய பாடலிலும் (புறம். 36), பிட்டங்கொற்றனை உறையூர் மருத்துவன் தாமோதரனார் பாடிய பாடலிலும் (புறம். 170) இவ்வடை இடம்பெறுகிறது. பாடியவர் வேறு, பாடப்பட்டவர் வேறு, சூழலும் வேறு. ஆயினும் கொல்லரை நினைத்தவுடன் மூவருக்கும் முதலில் தோன்றியது கையே.

‘கருங்கை’ என்பதற்குக் கரிய கை என்றும் வலிய கை என்றும் பொருள்கொள்ள இடமுண்டு. உரைமரபு வலிமைப் பொருளையும் ஏற்கிறது. இவ்விரு பொருளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. கரியும் புகையும் படிந்து தோலோடு ஒன்றிய கருமையும், கூடம் ஓங்கி ஓங்கித் திரண்ட வன்மையும் ஒரு நாளில் வருவன அல்ல. இளமையில் துருத்தி மிதிக்கத் தொடங்கி முதுமை வரை உலையை விட்டு அகலாதவரின் உடலிலேயே அவை ஒருங்கே அமையும். ஆகவே ‘கருங்கை’ என்பது ஒரு வாழ்நாளின் சுருக்கம் எனலாம். கொல்லரின் வாழ்க்கை வரலாற்றைப் புறநானூறு ஒரு சொல்லில் முடித்துக்கொள்கிறது.

இம்மூன்று பாடல்களிலும் அக்கை செய்யும் பணி கருதத்தக்கது. கிள்ளிவளவன் பாடலில், கொல்லரின் அரத்தால் கூர்மை பெற்ற நெடிய கோடரி கருவூரின் காவல்மரங்களை வெட்டுகிறது. மரம் விழும் ஓசை கோட்டைக்குள் இருக்கும் அரசனின் மனையில் கேட்கிறது, அவனோ வெளிவரவில்லை. அத்தகையவனோடு போரிடுதல் நாணத்தக்கது எனப் புலவர் வளவனைத் தடுக்கிறார். மரத்தை வெட்டும் வீரருக்கு அங்கு அடையில்லை. கோடரியின் வாயைக் கூர்மையாக்கிய கொல்லருக்கு அடை உண்டு. பிட்டங்கொற்றன் பாடலில், கொல்லர் விசைத்தடிக்கும் கூடத்தை எதிர்கொள்ளும் உலைக்கல்லுக்குத் தலைவன் ஒப்பிடப்படுகிறான். பகைவரின் தாக்குதல் எத்தனை முறை வந்தாலும் அசையாமல் நிற்பவன் என்பது கருத்து. இங்குப் போற்றப்படுவது அடிக்கும் கையன்று, அடிவாங்கும் கல். கொல்லரின் கை, தலைவனின் உறுதியை அளக்கும் அளவுகோலாக மட்டும் நிற்கிறது.

ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றபோது பாடியதாகக் கூறப்படும் பாடலில் (புறம். 95) கொல்லரின் பணியிடமே எதிர்நிலையாக அமைகிறது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய அகன்ற மனையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எந்நாளும் கொல்லரின் சிறு பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழிக்கும் இப்பாடலின் நயம் பலராலும் எடுத்துரைக்கப்பட்டது. அந்நயத்தின் மறுபக்கமாக ஓர் உழைப்புச் செய்தியும் உள்ளது. அதியமான் ஓயாது போரிடுகிறான் எனில், அவனுடைய கொல்லர் ஓயாது முறிந்த வேலைச் செப்பனிடுகிறார். அகன்ற மனைக்கும் சிறிய கொட்டிலுக்கும் இடையிலான வேறுபாட்டில் அரசனின் வீரம் வெளிப்படுகிறது. கொட்டிலில் இருப்பவரின் இரவுபகல் வெளிப்படாமல் நிற்கிறது.

2. இரு நீர்கள்: புறத்திலும் அகத்திலும் கொல்லரின் உலை

கொல்லரின் தொழிலில் நெருப்புக்கு இணையான இடம் நீருக்கும் உண்டு. இந்நீரைச் சங்கப் புலவர் இருவர் இருவேறு வகையில் கையாண்டுள்ளமை ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

புறநானூற்றின் 21ஆம் பாடலில், தன் கானப்பேரெயில் அரணை இழந்த வேங்கைமார்பன் அதனை மீட்டல் இயலாது என வருந்துகிறான். செந்தீயில் காய்ச்சிய இரும்பு உண்ட நீரைத் திரும்பப் பெற இயலாது. அதனினும் அரிது அரணை மீட்பது என்பது அவன் நினைவாகக் கூறப்படுகிறது. காய்ந்த இரும்பில் பட்ட நீர் ஓசையெழுப்பி ஆவியாகி மறையும் கணத்தைக் கண்டவர் அன்றி இவ்வுவமையைப் படைத்தல் அரிது. இழப்பின் முழுமையை இந்நீர் உணர்த்துகிறது.

நற்றமனார் பாடிய நற்றிணை 133ஆம் பாடலில் வரும் நீர் வேறு. வரைவு நீட்டித்த வழி ஆற்றாளாகிய தலைவியின் உடல் மெலிகிறது. ஊர்ப்பெண்டிர் அலர் தூற்றுகின்றனர். தலைவர் நமக்குத் துன்பம் செய்யார் எனத் தோழி ஆறுதல் கூறுகிறாள். அன்பால் பிறந்த அச்சொல், கொல்லரின் கொதிக்கும் உலையில் பனைமடலைத் தோய்த்துத் தெளித்த சிறிதளவு நீர் போல, நோய் மிகுந்த நெஞ்சுக்குச் சிறிது காப்பாகிறது என்கிறாள் தலைவி.

தோழியின் சொல்லால் துயர் சற்றே தணிந்தது என்பது இவ்வுவமைக்கு வழங்கும் பொதுப்பொருள். தொழிலறிவோடு நோக்கின் இப்பொருள் மேலும் விரியும். உலையில் கொல்லர் நீர் தெளிப்பது நெருப்பை அணைப்பதற்கன்று. கரி ஓரங்களில் வீணே எரிந்து பரவாமல், வெப்பம் நடுவில் இரும்பிருக்கும் இடத்தில் குவிந்து நிற்பதற்காகவே மடலால் சிறிது சிறிதாக நீர் தெளிக்கப்படுகிறது. மேலோட்டமாகக் காண்போர்க்கு நெருப்பு அடங்கியதுபோல் தோன்றும்; உள்ளே கனல் நிலைபெறும். தோழியின் சொல்லும் இத்தன்மையதே. அது காதலை அணைக்கவில்லை. அலரின் பக்கம் சிதறும் துயரை அடக்கி, தலைவன்பால் கொண்ட பற்றை நிலைநிறுத்துகிறது. ‘சிறிது’ என்னும் அளவுச்சொல் ஆறுதலின் குறைபாட்டை மட்டும் சொல்லவில்லை. அளவறிந்து தெளிக்கும் தொழில் நுணுக்கத்தையும் உட்கொண்டுள்ளது. மிகுதியாகத் தெளித்தால் உலை கெடும். தெளிக்காவிடில் கரி வீணாகும்.

இவ்விரு பாடல்களும் ஒரே பட்டறையின் இருவேறு கணங்களிலிருந்து பிறந்தவை. புறப்பாடலில் நீர், அரசனின் மீளா இழப்பாகிறது. அகப்பாடலில் நீர், தலைவியின் தற்காலிக ஆறுதலாகிறது. அரசனுக்கும் தலைவிக்கும் தம் உள்ளத்தைச் சொல்லும் மொழியைக் கொல்லரின் பட்டறை வழங்குகிறது. அப்பட்டறைக்குரியவரின் உள்ளத்தைச் சொல்ல எந்தப் பாடலும் முன்வரவில்லை.

3. ஏழூர்ப் பொதுவினையும் மிதிப்பவரின் மறைவும்

கொல்லரின் வாழ்க்கைநிலையை மிக நெருங்கிக் காட்டும் பாடல் குறுந்தொகை 172. இதனைப் பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். மாலைப்பொழுதில் வாவல்கள் பழமரங்களை நாடிப் பறக்கின்றன. தலைவனைப் பிரிந்த தலைவி, தன்னைத் தனித்திருக்கச் செய்து சென்றவர் இனிதாக இருக்கின்றாரோ என நினைக்கிறாள். ஏழு ஊர்களின் பொதுப்பணிக்காக ஓர் ஊரில் அமைக்கப்பட்ட உலையின் மிதிதோல் போலத் தன் நெஞ்சு எல்லையறியாமல் வருந்துகிறது என்கிறாள்.

இவ்வுவமையின் ஆற்றல் ஒரு சமூக நிலையை அறிந்தோர்க்கே முழுமையாகப் புலப்படும். ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனிக் கொல்லர் இல்லை. பல ஊர்களின் கொழுவும் அரிவாளும் கோடரியும் வேலும் ஓர் உலைக்கே வருகின்றன. பெரும்பாணாற்றுப்படை உடும்பின் முகத்துக்கு ஒப்பிடும் கொழு தேயாமல் இருக்க வேண்டும். அறுவடைக்கு முன் அரிவாள் கூர்மை பெற வேண்டும். ஏழூர் உழவரும் ஒரே பருவத்தில் வருவர். எனவே துருத்திக்கு ஓய்வில்லை. ஒருவர் பணி முடியுமுன் மற்றொருவர் பணி காத்திருக்கும்.

தலைவியின் நெஞ்சுக்கு ஒப்பானது தோல் துருத்தி. மிதிபடுகையில் மூச்சை வெளிவிட்டு, விடுபடுகையில் மூச்சை உள்வாங்கும் அதன் இயக்கம், பெருமூச்சு விடும் நெஞ்சின் இயக்கத்தோடு பொருந்துகிறது. துருத்தி வருந்துகிறது எனில், அதனை மிதிப்பவரின் கால் வருந்தாதா என்னும் வினா இவ்விடத்தில் தவிர்க்க இயலாதது. உயிரற்ற தோலுக்கு வருத்தம் ஏற்றிக் கூறப்படுகிறது. உயிருள்ள காலுக்கு அது கூறப்படவில்லை. மிதிப்பவர் கொல்லரோ, அவருடைய மகனோ, மனைவியோ, ஏவலரோ என்பதைப் பாடல் வெளிப்படுத்தவில்லை. பட்டறைத் தொழில் தனியொருவரால் நடைபெறுவதன்று. ஒருவர் கொடிற்றால் இரும்பைப் பற்ற, ஒருவர் கூடம் ஓங்க, ஒருவர் துருத்தி இயக்க வேண்டும். குடும்ப உழைப்பு இல்லாமல் இத்தொழில் தலைமுறைகளாகத் தொடர்ந்திருத்தல் அரிது. உவமை அக்குடும்பத்தின் வாயில்வரை சென்று நின்றுவிடுகிறது.

குறுந்தொகை 155ஆம் பாடலிலும் உலை, காத்திருக்கும் தலைவியின் சொல்லில் வருகிறது. மெழுகால் கருவமைத்து, ஊதுலையில் உருக்கி வார்த்த மணிகள் காட்டில் ஒலிக்க, மாலையில் விருந்தயரத் தலைவனின் தேர் வருகிறது என்னும் செய்தி இன்னும் வரவில்லை என்பது அவள் ஏக்கம். இது இரும்பன்று, வார்ப்புத் தொழில். எனினும் உலையில் பிறந்த பொருளொன்று இல்லத்தின் கூடலை அறிவிக்கும் ஒலியாக எதிர்பார்க்கப்படுவது கருதத்தக்கது. பிறர் இல்லத்தின் மகிழ்ச்சிக்கு உலையிலிருந்து ஒலி செல்கிறது.

4. குடும்பத்தின் கடன்வரிசையில் கொல்லர்

கொல்லரைக் குடும்பம் என்னும் அமைப்போடு நேரடியாக இணைக்கும் பாடல் பொன்முடியார் பாடிய புறநானூறு 312. வாகைத்திணையில் மூதின்முல்லைத் துறையில் அமைந்த இப்பாடல், ஓர் இளைஞன் உருவாவதற்கு ஐவர் ஆற்றும் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. பெற்று வளர்த்தல் தாயின் கடன்; சான்றோனாக்குதல் தந்தையின் கடன்; வேல் வடித்துத் தருதல் கொல்லரின் கடன்; நல்வழியில் நிறுத்துதல் வேந்தனின் கடன்; களிறு எறிந்து மீளுதல் அம்மகனின் கடன். வேந்தனின் கடன் பற்றிய அடியில் நன்னடை, தண்ணடை என்னும் இருவகைப் பாடமும் உண்டு. தண்ணடை எனக் கொள்ளின் மருதநிலம் வழங்குதல் எனப் பொருள்படும்.

இப்பாடல் பெரும்பாலும் மறக்குடித் தாயின் வீர உணர்வுக்குச் சான்றாகவே விளக்கப்படுகிறது. கொல்லரின் நிலையிலிருந்து நோக்கின் மூன்று செய்திகள் புலப்படுகின்றன.

முதலாவது, வரிசைமுறை. தாய், தந்தை என்னும் குருதியுறவுக்கு அடுத்து, வேந்தனுக்கு முன்பாகக் கொல்லர் வைக்கப்படுகிறார். இல்லத்துக்கும் அரசுக்கும் இடையிலான வாயிலில் அவர் நிற்கிறார். இல்லத்திலிருந்து புறப்படும் மகன் அரசனைச் சேருமுன் கொல்லரின் பட்டறையைக் கடந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, ‘கடன்’ என்னும் சொல். ஐவருக்கும் இச்சொல்லே வழங்கப்படுகிறது. கொல்லர் செய்வது கூலிக்கான பணி எனக் கூறப்படவில்லை. தாயின் வளர்ப்பும் கொல்லரின் வடிப்பும் ஒரே சொல்லால் அளக்கப்படுகின்றன. இதனைச் சமூகச் சமத்துவத்துக்குச் சான்றாகக் கொள்ளுதல் மிகைக் கூற்றாகும். இங்குள்ள ஒப்புமை போருக்கான கடமையில் அமைந்த ஒப்புமையே, உரிமையில் அமைந்ததன்று. எனினும், ஒரு மகனை ஆளாக்கும் பொறுப்பில் தொழிலாளர் ஒருவருக்கும் பங்குண்டு எனத் தாயின் வாய்மொழியாகவே கூறப்படுவது பொருட்படுத்தத்தக்கது.

மூன்றாவது, கொல்லரின் சொந்த மகன். தாய் தன் மகனுக்காகப் பேசுகிறாள். தந்தையின் பங்கும் அம்மகனைப் பற்றியதே. கொல்லரோ பிறர் மகனுக்கு வேல் வடிக்கிறார். அவர் வீட்டில் வளரும் மகனுக்கு எது கடன், அவனுக்குத் தந்தை ஆற்ற வேண்டியது எது என்பன இப்பாடலின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அவனுக்குக் களிறெறியும் கடனில்லை எனில், கூடம் ஏந்தும் கடனே எஞ்சும். ‘சான்றோனாக்குதல்’ என்பது கொல்லர் வீட்டில் என்ன பொருள் பெறும் என்னும் வினாவுக்குப் பாடலில் விடையில்லை. மறக்குடியின் வளர்ப்பு பாடப்பட்டது. தொழிற்குடியின் வளர்ப்பு பாடப்படவில்லை.

5. திணை இல்லாத தொழில்

கொல்லரின் இல்வாழ்வு பாடப்படாமைக்குக் காரணம் யாது? உடனடியாக நினைவுக்கு வருவது தொல்காப்பிய அகத்திணையியலின் அடியோர், வினைவலர் பற்றிய நூற்பா. இவர்களைத் தலைமக்களாகக் கொண்டு ஐந்திணைக்குப் புறத்தே பாடுதலுக்குத் தடையில்லை என அது கூறுகிறது. பிறருக்கு ஏவல் செய்வோர்க்கு அறம், பொருள், இன்பம் ஆகியவற்றின் வழுவாது ஒழுகுதல் அரிது என்னும் கருத்தில் இளம்பூரணர் இதற்கு விளக்கம் தருகிறார். அன்பின் ஐந்திணை உழைப்போர்க்கு உரியதாகாது என்னும் வரையறையாகவே இது பிற்காலத்தில் புரிந்துகொள்ளப்பட்டது.

இந்நூற்பா ஒன்றையே காரணமாகக் காட்டுவதில் இரு இடர்ப்பாடுகள் உள்ளன. கொல்லர் பிறர் ஏவலைச் செய்பவர் எனினும், தமக்கெனக் கருவியும் கைத்திறனும் உலையும் உடையவர். ஏழூரும் அவரைத் தேடி வருகிறது. அவரை வினைவலர் என்னும் வகையுள் ஐயமின்றி அடக்குதல் எளிதன்று. அடுத்து, உழைக்கும் குடும்பங்கள் அகப்பாடல்களில் அறவே இடம்பெறவில்லை எனவும் கூறவியலாது. நற்றிணை 45ஆம் பாடலில் தலைவி பரதவர் மகள். மீன் உணக்கலைப் பறவைகளிடமிருந்து காக்கும் தங்களிடம் புலால் நாறுகிறது எனத் தேரேறி வந்த தலைவனிடம் தோழி கூறுகிறாள். அம்மூவனாரின் அகநானூறு 140ஆம் பாடலில் உப்பு விற்றுவரும் உமணர் மகள் தலைவனின் நெஞ்சைக் கவர்கிறாள். தொழிலின் நாற்றமும் தெருவில் கூவி விற்கும் குரலும் காதலுக்குத் தடையாகாமல் அங்கே பாடலுக்குள் வந்துள்ளன. மீனின் புலால் நுழைந்த இடத்தில் உலையின் கரி நுழையாதது ஏன்?

விடை திணைக்கோட்பாட்டில் உள்ளது. பரதவரும் உமணரும் நெய்தல் நிலத்தோடு பிணைக்கப்பட்டவர்கள். கானவர் குறிஞ்சிக்கும், ஆயர் முல்லைக்கும், உழவர் மருதத்துக்கும் உரியவர்கள். தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்தில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை ஆகியவற்றோடு ‘செய்தி’ எனத் தொழிலையும் சேர்க்கிறது. அத்தொழில் அந்தந்த நிலத்திலிருந்து விளைவது. மீன்பிடித்தலைக் கடலிலிருந்து பிரிக்க இயலாது. தேனெடுத்தலை மலையிலிருந்து பிரிக்க இயலாது. கொல்லரின் உலையோ எந்நிலத்திலும் அமையும். கானவரின் வேலுக்கும் உழவரின் கொழுவுக்கும் அதே உலைதான். ஒரு நிலத்துக்கு உரியதாகாத தொழில் எந்நிலத்துக்கும் கருப்பொருளாகாது. கருப்பொருளாகாத தொழிலைச் செய்யும் குடும்பத்திலிருந்து தலைவனோ தலைவியோ தோன்றுவதற்கு அகமரபில் வழியில்லை.

இக்கருத்துக்கு உவமைகளின் பரவலே சான்று. கொல்லரின் பட்டறை எத்திணைக்குள்ளும் தடையின்றி நுழைகிறது. தோழியின் ஆறுதலை உலைநீராக்கிய நற்றிணை 133 குறிஞ்சி. நெஞ்சை மிதிதோலாக்கிய குறுந்தொகை 172 நெய்தல். ஊதுலை மணியைச் சொல்லும் குறுந்தொகை 155 முல்லை. பெரும்பாணாற்றுப்படையில் வயல்நண்டின் கவைத்த கால் கொல்லரின் கொடிற்றுக்கு ஒப்பிடப்படுவது மருதம் சார்ந்த காட்சி. அகநானூறு 72ஆம் பாடல் இவற்றுள் தனித்துவமானது. தலைவன் நள்ளிரவில் வரும் மலைவழியில், மின்மினி மொய்த்த புற்றைக் கரடி அகழ்ந்து உணவு தேடுகிறது. சிதறும் மின்மினிகளுக்கிடையே அது இரும்பு அடிக்கும் கொல்லர் போலத் தோன்றுகிறது. தீப்பொறி சூழ நிற்கும் கரிய உருவம் என்னும் வகையில் ஒப்புமை மிகப் பொருத்தமானது. ஆனால், பிற பாடல்களில் கருவியாகச் சுருங்கிய கொல்லர் முழு உருவத்தோடு வெளிப்படும் இவ்விடத்திலும் ஓர் அச்சந்தரும் விலங்குக்கு ஒப்பாகவே வெளிப்படுகிறார்.

பொருளியல் வழக்கைக் குறிக்க நன்னாகையார் கையாண்ட ‘பொது’ என்னும் கருத்து, இலக்கிய மரபில் கொல்லரின் நிலையைச் சுட்டுவதற்கும் ஏற்றது. ஏழூர்க்கும் பொதுவானவர் ஐந்திணைக்கும் பொதுவாகிறார். எல்லார்க்கும் உரியவராக இருப்பதே தமக்கென ஓரிடம் இல்லாமைக்குக் காரணமாகிறது. கருப்பொருளாக நின்று வாழ வேண்டியவர், உவமைப் பொருளாக நின்று பிறர் வாழ்வுக்கு ஒளி தருகிறார்.

6. தொழிற்பெயர் தாங்கிய புலவர்கள்

இம்முடிவுக்கு எதிராக ஒரு வாதம் எழக்கூடும். சங்கப் புலவர் வரிசையில் கொல்லர் என்னும் பெயரைத் தாங்கியோர் உள்ளனர். நற்றிணை 285ஆம் பாடல் மதுரைக் கொல்லன் வெண்ணாகனார் பெயரில் அமைந்துள்ளது. தங்கால் பொற்கொல்லனார் பாடல்கள் தொகைநூல்களில் இடம்பெற்றுள்ளன. தொழிற்குடியினர் பாடுநராக இருந்திருப்பின், அவர்கள் விலக்கப்பட்டனர் எனக் கூறுவது பொருந்துமா?

இவ்வாதம் கொல்லர் விலக்கப்பட்டனர் என்னும் கருத்தை மறுக்கிறது; திணைக்கட்டமைப்பு பற்றிய கருத்தை மறுக்கவில்லை. பாடும் உரிமை இருந்தும், பாடுவோர் மரபின் எல்லைக்குள்ளேயே பாடினர் என்பதே இதனால் பெறப்படுகிறது. வெண்ணாகனாரின் பாடலும் குறிஞ்சியின் கானவர் உலகில்தான் அமைகிறது.

எனினும் தங்கால் பொற்கொல்லனாரின் புறநானூறு 326ஆம் பாடல் தனியே நோக்கத்தக்கது. மூதின்முல்லைத் துறையிலமைந்த இப்பாடல் வீரனின் மனையையும் விருந்தோம்பலையும் பாடுவது. அதன் தொடக்கத்தில் ஓர் இரவுக்காட்சி வருகிறது. காட்டுப்பூனைக்கு அஞ்சிய இளம்பேடை நடுங்கி அரற்றுகிறது. பருத்தித் தொழில் செய்யும் பெண் ஒருத்தி, பஞ்சின் கழிவுகளைத் தட்டி அகற்ற எழுகிறாள். அவளது சிறிய விளக்கின் ஒளியில் பேடை தன் சேவலைக் கண்டு அச்சம் தணிகிறது. வீரனின் புகழுக்கு இக்காட்சி இன்றியமையாததன்று. ஊரை அறிமுகப்படுத்த வேறு பல வழிகள் இருந்தன. நள்ளிரவிலும் ஓயாத கைத்தொழிலை, அதன் சிறு விளக்கை, அவ்வொளியில் ஓர் இணை ஒன்றையொன்று கண்டு அமைதியுறுவதைத் தேர்ந்தவர் தொழிற்பெயர் தாங்கிய புலவர். பொன்தொழிலும் இரும்புத்தொழிலும் வேறு எனினும், இரவில் எரியும் தொழில்நெருப்பின் அருகே வாழும் வாழ்வு இரண்டுக்கும் பொது. உழைப்பும் இல்லமும் ஒரே விளக்கின் ஒளியில் அமைய முடியும் என்பதை மரபுக்குள்ளிருந்தே இப்பாடல் காட்டுகிறது. கொல்லரின் இல்லத்தைச் சங்கப் பாடல்கள் அணுகிய மிக நெருங்கிய இடம் இதுவெனலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

புறப்பாடல்கள் கொல்லரின் வாழ்நாள் உழைப்பைக் ‘கருங்கை’ என்னும் அடைக்குள் அடக்கி, அதனை வேந்தரின் வலிமைக்கு அளவுகோலாக்குகின்றன. அகப்பாடல்கள் அவருடைய உலையையும் துருத்தியையும் தலைவியின் உள்ளத்துக்கு மொழியாக்குகின்றன. நற்றிணை 133, குறுந்தொகை 172 ஆகியவற்றின் உவமைகள் தொழிலின் நுணுக்கத்தையும் பளுவையும் அறிந்தே படைக்கப்பட்டவை. புலவர்கள் பட்டறையை அறியாதவர் அல்லர். பட்டறைக்கு அப்பாலுள்ள வீட்டுக்குள் செல்ல மரபு அவர்களுக்கு வழிவிடவில்லை. அம்மரபின் அடிப்படை நிலம். நிலத்தோடு பிணைந்த தொழிலுக்கு இல்வாழ்வு உண்டு. நிலங்களுக்கிடையே பொதுவாக நின்ற தொழிலுக்கு உவமையாகும் வாய்ப்பு மட்டுமே உண்டு. புறநானூறு 312 கொல்லரைப் பிறர் மகனின் வளர்ப்பில் பங்காளியாக்குகிறது; அவருடைய மகனைப் பற்றி மௌனம் காக்கிறது.

இம்மௌனத்தைக் கொல்லரின் வாழ்வில் இல்லறம் சிறப்புறவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளுதல் தவறு. அது இலக்கிய மரபின் எல்லையே அன்றி வாழ்வின் எல்லையன்று. தொழில்சார் ஆய்வுகள் கருவிப் பட்டியலோடு நிறைவடையும்போது, பாடல் விட்ட இடைவெளியை ஆய்வும் விட்டுச்செல்கிறது. குயவர், தச்சர், புலைத்தி, பாணர் முதலியோர் பற்றிய பதிவுகளையும் திணைக்கு உட்பட்ட தொழில், திணைக்குப் பொதுவான தொழில் என வகுத்து ஆராய்ந்தால், சங்க இலக்கியம் யாருக்கு இல்லத்தை வழங்கியது, யாரை உவமையாக நிறுத்தியது என்பது தெளிவுறும். ஏழூரின் இரும்பும் காய்ந்த உலையின் பின்னே ஒரு வீடு இருந்தது என்னும் நினைவோடு அவ்வாய்வுகள் தொடங்குதல் வேண்டும்.